இடம் மாறி உட்காரச் சொன்னவர்

பதிகம் பாடுவதற்கென்றே கூடும் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை தோறும் மாலையில், திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நாங்கள் கூடுவோம். அரிசிக்கடை அண்ணாச்சி, பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓய்வுபெற்ற தாசில்தார், பள்ளி ஆசிரியர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், அவரவர் வீட்டுப் பெண்கள் என்று நூறு பேர் வரை சேர்வதுண்டு. நீளமான பந்திப்பாய்களை வரிசை வரிசையாக விரித்து உட்காருவோம். எல்லோரும் கண்மூடி இறைவனைப் பாடிக்கொண்டிருக்கையில், அவர் மட்டும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதடு அசையாது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இடது கையின் இரண்டு விரல்கள் காதோரம் நிற்கும், அங்கே ஏதோ மாட்டியிருப்பதைச் சரிசெய்வது போல.

தொழில் கொடுத்த பழக்கம் அது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். அதனால் குழுவில் வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவர் ‘சூப்பர்வைசர் அக்கா’தான். பெயர் சொல்லி அழைத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட நூல்சேலை. மாடிப்படி ஏறி வந்ததும் கைப்பையைச் சுவரோரம் சாய்த்து வைப்பார். பாய்களின் மேல் ஒரு பார்வை ஓட்டுவார். அன்று யார் யார் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பார்வையில் அவருக்குள் பதிந்துவிடும்.

எனக்கு அவர் அறிமுகமானது பாட்டின் வழியாக அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் என் தகப்பனார் படுத்த படுக்கையாகி, இனிமேல் இல்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். என் தம்பி பம்பாயில் வேலையில் இருந்தான். அடைமழையில் தொலைபேசித் தடங்கள் அறுந்துபோய், எந்தப் பூத்தில் சுழற்றினாலும் இரைச்சல்தான் கேட்டது. நனைந்தபடியே தொலைபேசி நிலையத்துக்குப் போய் நின்றேன். அவர்தான் வெளியே வந்தார்.

“பம்பாய்க்கு லைன் கெடையாது, தம்பி. மெட்ராஸுக்கும் இப்பம் கெடையாது. மதுரை மட்டும் இருக்கு.”

“மதுரைக்குப் பேசி நான் என்ன செய்ய? என் தம்பி பம்பாயில்லா இருக்கான்.”

“செய்தி என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க. தம்பி வேலை பாக்குத எடத்தையும் சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அப்பா பக்கத்துல இருங்க.”

எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. அவர் செய்ததைப் பிறகுதான் அறிந்தேன். மதுரையில் இணைப்புப் பலகையில் இருந்த பெண்ணிடம் செய்தியைச் சொல்லி வைத்திருக்கிறார். சற்று நேரத்தில் மதுரைத் தடமும் அறுந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்பாடு சென்னை கிடைத்தபோது அவள் செய்தியைச் சென்னைக்குத் தள்ளினாள். சென்னைக்குப் பம்பாய் கிடைக்க மறுநாள் ஆகிவிட்டது. கிடைத்ததும் செய்தி போயிற்று. தம்பி வந்து சேர்ந்தபோது தகப்பனாருக்கு நினைவு இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரியங்கள் முடிந்தபின் நன்றி சொல்லப் போனேன். அவர் சிரித்தார்.

“இங்கன இருந்து பம்பாய் வரைக்கும் ஒரே நேரத்துல ஒரு நிமிஷங்கூட கம்பி சேர்ந்து இருக்கல, தம்பி. இந்தத் துண்டு இருக்கும்போது அந்தத் துண்டு இல்ல. அந்தத் துண்டு வரும்போது இந்தத் துண்டு போயிட்டு. ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துட்டு பாத்தியளா? பொறுத்திருந்து, கெடைச்ச துண்டுல கெடைச்ச நேரத்துல ஏத்திவிடணும். அம்புட்டுதான்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. தான் செய்த வேலையைப் பற்றியதாக அது எனக்குத் தோன்றவில்லை. உலகம் இப்படியும் அமைந்திருக்கிறதே என்று வியப்பவரின் முகம் அது. கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களிடம் அந்த முகத்தைக் கண்டிருக்கிறேன். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவரை அழைத்தவன் நான்தான்.

அவர் வருவதற்கு முன் எங்கள் குழுவில் ஒரு தீராத பிணி இருந்தது. பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். கிழக்குக் கோடியில் அண்ணாச்சி உட்காருவார். அவருக்குப் பெருங்குரல், மூட்டை தூக்குகிறவர்களை ரதவீதியின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு அழைத்துப் பழகிய தொண்டை. சொல்லுக்குச் சொல் உருகி இழுப்பார். மேற்குக் கோடியில் தாசில்தார். அவருக்குக் கடைசிப் பஸ் கவலை, நடை வேகம். பதிகம் பாதி போவதற்குள் கிழக்குப் பாதி ஓர் அடியிலும் மேற்குப் பாதி அடுத்த அடியிலும் இருக்கும். பக்தி மிகுந்தவர்களுக்கே உரிய பிடிவாதத்தோடு இரு பக்கமும் தம் தம் அடியை விடாது. மேற்கே ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லி முடித்துக் கைகூப்பி எழுந்த பிறகும் கிழக்கே ஈசன் இன்னும் நடனமாடிக்கொண்டிருப்பான்.

பெரிய ஒலிபெருக்கி வாங்கினால் சரியாகும் என்றோம். அக்கா வேண்டாம் என்றார். பதிகத்தின் ஒவ்வொரு பாடல் முடிவிலும் ஒரு பாய்க்காரர்கள் எழுந்து, பாடிக்கொண்டே நடந்து, வேறு பாய்க்காரர்களோடு கலந்து உட்கார வேண்டும் என்றார். பாட்டு மட்டும் நிற்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டா? உக்காந்த எடத்துல சாமி கும்புட விட மாட்டியளா?”

“கும்புடுங்க அண்ணாச்சி. ஆனா நீங்க ஒரு கோடியில இழுக்கிய, தாசில்தார் ஐயா ஒரு கோடியில ஓடுதாக. உங்க ரெண்டு பேருக்கும் மத்தவுக சத்தம் கேக்கவே இல்ல.”

“அப்பம் என்னையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல போட வேண்டியதுதான?”

“போட்டா சண்டைதான் வரும். உங்க பக்கத்துல இருக்கவரை எடுத்து நடுப்பாய்ல போடுதேன். அவர் உங்க இழுவையைக் கொண்டுக்கிட்டுப் போவாரு. அவுக பக்கத்துல இருக்கவரும் நடுப்பாய்க்கு வருவாரு. ரெண்டு பேரும் அங்கன உரசி உரசி ஒரு நடைக்கு வருவாக. அடுத்த பாட்டுக்கு அவுகளை உங்ககிட்டயே திருப்பி அனுப்புதேன்.”

“எனக்குத் தெரியாமலே என்னைத் திருத்தப் போறியளாக்கும்?”

“உங்களை யாரு திருத்த முடியும், அண்ணாச்சி?” என்றார் அவர். கூட்டம் சிரித்தது; அண்ணாச்சியும் சிரித்துவிட்டார்.

சில வாரங்களில் பாட்டு ஒன்றாயிற்று. எழுவதும் நடப்பதும் எங்கள் வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டன. “மூணாம் பாய்” என்று அவர் விரலைக் காட்டினால், கண்ணை மூடியபடியே எழுந்து பாடிக்கொண்டு நடப்போம். ஊருக்குப் புதியவர் யாரேனும் வந்து பார்த்தால் ஏதோ பழைய சடங்கு என்றே நினைப்பார். நூறு குரல்கள் ஒரு குரலாகும் அந்தக் கணத்தில் மேனி சிலிர்ப்பதை நான் எத்தனையோ திங்கட்கிழமைகளில் உணர்ந்திருக்கிறேன். அதை உண்டாக்கியவர் கைப்பையின் பக்கத்தில் ஊமைபோல உட்கார்ந்திருப்பார்.

ஆனால் எனக்கு அவரிடம் மெல்லிய அச்சமும் இருந்தது. அண்ணாச்சிக்கும் தாசில்தாருக்கும் ஒருமுறை எந்தப் பண்ணில் பாடுவது என்ற வாக்குவாதம் முற்றி, பேச்சுவார்த்தை அறுந்து, குழுவே இரண்டாகும் நிலை வந்தது. அக்கா இருவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. கூட்டம் முடிந்து பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஏறும் இடத்தில் நின்றுகொண்டு, “அந்த ஆட்டோல எடமில்ல மதினி, இதுல ஏறுங்க” என்று அண்ணாச்சியின் மனைவியைத் தாசில்தார் வீட்டம்மாவுடன் ஏற்றிவிடுவார். மறுவாரம் வேறு இருவரைச் சேர்ப்பார். கார்த்திகை பிறப்பதற்குள் தாசில்தார் வீட்டிலிருந்து அண்ணாச்சி வீட்டுக்கு அதிரசம் போயிற்று. சண்டை எப்போது தீர்ந்தது என்று சண்டை போட்டவர்களுக்கே தெரியவில்லை.

அன்று அவரிடம் நேராகவே கேட்டேன். “அக்கா, எங்களை எல்லாம் தாயக்கட்டைக் காய் மாதிரில்லா நகத்துதிய? எங்களுக்குத் தெரியாம இப்படிச் செய்யுதது சரியா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“நான் யாரையும் நகத்தல, தம்பி. பக்கத்துல உக்கார வைக்கேன். அதுக்கு மேல அவுகளாத்தான் பேசுதாக, அவுகளாத்தான் பாடுதாக. ஆனாலும் நீங்க கேக்குத கேள்வி எனக்குள்ளயும் உண்டு. அதனாலதான் நான் பாடுததே இல்ல.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“எடத்தை மாத்துதவளே பாடவும் ஆரம்பிச்சான்னு வைங்க, எல்லாக் காதும் எம்பக்கம் திரும்பிரும். பெறகு அது சாமி பாட்டா இருக்காது. எம்பாட்டா ஆயிரும்.”

எல்லா உயிரையும் இயக்கிக்கொண்டு, தான் ஓரிடத்திலும் தென்படாமல் நிற்பவனை அன்றாடம் பாடுகிறவன் நான். அந்தப் பொருள் ஒரு மனுஷியின் வாயிலிருந்து, ஆட்டோப் புகைக்கு நடுவே, இத்தனை எளிமையாக வந்து விழும் என்று எதிர்பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவது கந்த சஷ்டியில் நடந்தது.

ஆற்றின் நடுவே பாறையோடு பாறையாக நிற்கும் முருகன் கோயிலை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து கோயிலுக்கு ஒரு கல்பாதை உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போனால் நல்லது. இருவர் சேர்ந்தால் நெருக்கம். பாதையின் நடுவே ஓரிடம் தாழ்ந்திருக்கும். இருபுறமும் பாசி பிடித்த பாறைகள், பள்ளங்கள். பெருவெள்ளம் வந்தால் கோயில் நீருக்குள் மறைந்துவிடும். வடிந்ததும் நீராடி எழுந்தது போல வெளியே வரும். அதற்கு முன்பே அர்ச்சகர் உற்சவ மூர்த்தியைத் தோளில் தாங்கிக் கரைமேல் உள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். சாமி புறப்பட்டால் வெள்ளம் வருகிறது என்று பொருள். பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த ஆண்டு சஷ்டிக்கு முந்தின நாள் பிற்பகல் எங்கள் குழு அந்தக் கோயில் மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தது. பாய்கள் சந்நிதியை நோக்கி விரிக்கப்பட்டிருந்தன. விரதமிருந்தவர்களுக்கு முதல் பாய். என் மனைவி அதில் இருந்தாள். நாள்தோறும் ஒருவேளைப் பால் மட்டுமே அருந்தியிருந்ததால் காலையில் கல்பாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். மண்டபத்தில் எல்லோருடைய முதுகும் ஆற்றுக்கு. வெளியே வெயில் அடித்தது. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது.

விரதக்காரர்களுக்குப் பால் சொல்வதற்காகக் கரையில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு வந்திருந்தேன். நான் போனை எடுப்பதற்குள் அதுவே அலறியது. பூத்துக்காரர் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண்குரல். சூப்பர்வைசர் அக்காவின் கீழ் முன்பு வேலை பார்த்தவளாம்; சஷ்டிக்கு அக்கா இந்தக் கோயிலுக்கு வருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

“அக்கா அங்கன கோயில்லயா இருக்காக? உடனே சொல்லுங்க சார். மலையில கொட்டித் தீத்துட்டு. இங்கன ஆறு கரை தட்டிப் போவுது. இன்னுங்கொஞ்ச நேரத்துல அங்க வந்துரும்.”

கல்பாதையில் ஓடாமல் நடந்தேன். ஓடினால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. தாழ்ந்த இடத்தில் காலையில் காய்ந்து கிடந்த கல்லின் மேல் நீர் நக்கிக்கொண்டிருந்தது. மண்டபத் தூணோரம் நின்ற அவரிடம் காதோடு காதாகச் சொன்னேன்.

“வேற யாருக்குத் தெரியும்?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

“பூத்துக்காரருக்கும் எனக்கும்.”

“அது போதும். ‘வெள்ளம்’ன்னு ஒரு சத்தம் எந்திரிச்சா அத்தனை பேரும் அந்தப் பாதையில ஒண்ணா விழுவாக. தண்ணி கொல்லுததுக்கு முன்ன அவுகளே ஒருத்தரை ஒருத்தர் கொன்னுருவாக.”

“அக்கா, எம்பொண்டாட்டி முதல் பாயில இருக்கா. நடக்கவே தெம்பில்லாம இருக்கா. அவளை முதல்ல கூட்டிட்டுப் போயிருதேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “முதல் பாய் எந்திரிச்சா பின்னால இருக்க அத்தனை கண்ணும் பாக்கும், தம்பி. கடைசிப் பாய் எந்திரிச்சா ஒரு கண்ணும் பாக்காது. அவ கடைசியாத்தான் வரணும். நீங்க அந்தத் தாழ்ந்த எடத்துல போய் நில்லுங்க. வாரவுகளுக்குக் கை குடுங்க. என்ன ஆனாலும் எடத்தை விட்டு வந்துராதிய.”

என் வாழ்நாளில் எவரையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை. ஆனாலும் என் கால்கள் அவர் சொன்ன இடத்துக்கே திரும்பின. போகுமுன் அவர் செய்த இரண்டு காரியங்களைக் கண்ணால் கண்டேன்.

கடைசிப் பாயில் இருந்த அண்ணாச்சியிடம் குனிந்து அவர் விஷயத்தைச் சொன்னார்.

“ஏம்மா, பொம்பளைகளை விட்டுட்டு ஆம்பளை முதல்ல ஓடுனான்னு டவுன்ல நாளைக்கு நான் தலைகாட்ட முடியுமா?”

“முடியாது அண்ணாச்சி. தெரிஞ்சுதான் கேக்கேன். உங்க சத்தம் கரையில இருந்து வந்தாத்தான் இவுக கால் அந்தப் பக்கம் போகும்.”

அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தார், சந்நிதியைப் பார்த்தார், துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, பாட்டை விடாமலே எழுந்தார்.

அடுத்து அக்கா சந்நிதி வாசலுக்குப் போனார். அங்கிருந்தே ஆற்றைக் கண்டுவிட்ட அர்ச்சகர் பதறிப்போய் உற்சவரை எடுக்கக் கை நீட்டியிருந்தார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்க. சாமி இருக்குத வரைக்கும் சனம் உக்காந்திருக்கும். சாமி எந்திரிச்சா எல்லாரும் எந்திரிச்சிருவாக. இன்னைக்குச் சாமி கடைசியா வரட்டும்.”

வழிவழியாக வந்த வழக்கம். முதலில் எழுந்தருள வேண்டியவனை, எல்லோரும் போனபின் வா என்று சொல்வதா? அர்ச்சகர் கண்ணை மூடினார். திறந்தபோது கண் நிறைந்திருந்தது. “சரிம்மா. அவன் இருப்பான். நானும் இருக்கேன்” என்றார்.

அக்கா திரும்பி நின்று, வழக்கம்போல விரலைக் காட்டினார். “கடைசிப் பாய். இன்னைக்கு எடம் கரையில.”

பழக்கம் என்பது எத்தனை பெரிய அருள் என்று அன்று கண்டேன். ஒரு பாடல் முடிந்தது. கடைசிப் பாய்க்காரர்கள் பாடிக்கொண்டே எழுந்து, பாடிக்கொண்டே படியிறங்கி, ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். அடுத்த பாடல்; அடுத்த பாய். கரையேறிய அண்ணாச்சி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று, மூட்டைக்காரர்களை அழைத்த அந்தத் தொண்டையால் பாடினார். முதலில் பாட்டு முழுதும் மண்டபத்தில் இருந்தது. பிறகு இரு பக்கமும் சமமாக ஒலித்தது. பிறகு கரை கனத்தது. நூறு பேரின் பாட்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, அறுபடாமல், என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. காற்று கடந்து போனால் மேனியில் படும்; ஒளி கடந்து போனால் கண் கூசும். இது போவதையும் உடம்பால் உணர்ந்தேன். தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது.

“அண்ணே, தண்ணி ஏறுதுல்லா?” என்றாள் ஓர் ஆசிரியை, என் கையைப் பற்றியபடி.

“பாடிக்கிட்டே போங்கம்மா. கரையைப் பாத்துப் போங்க.”

அவள் கரையைப் பார்த்தாள். அங்கே அவள் பாய்த்தோழிகள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அவளும் பாடினாள், போனாள். மண்டபத்தில் ஒரே ஒரு பாய் மிஞ்சியது. நான் திரும்பிப் பார்த்துப் பார்த்து நின்றேன். போய்த் தூக்கி வந்துவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். ஆனால் நான் விலகினால் அந்தத் தாழ்ந்த இடத்தில் வருகிறவருக்குக் கை இல்லை. அப்போதுதான் தெரிந்தது, அவர் என்னையும் ஒரு பாயில் உட்கார வைத்திருக்கிறார் என்று.

முதல் பாய் எழுந்தது. விரதக்காரர்கள் மெலிந்த காலெடுத்து வைத்துக் கல்பாதையில் இறங்கினார்கள். கடைசியாக என் மனைவி. அந்த நேரத்தில்தான் அது நிகழ்ந்தது. கரையில் பதிகம் முடிந்துவிட்டது.

ஆட்கள் வந்து சேருமுன் பாட்டு தீர்ந்துபோயிற்று. கரையிலிருந்து ‘திருச்சிற்றம்பலம்’ என்று முழங்கிக் கைகூப்பி, கண்ணைத் திறந்தார்கள். திறந்த கண்கள் முதன்முறையாக ஆற்றை முழுதாகப் பார்த்தன. செந்நிறமாய் நுரைத்துச் சுழன்று வரும் ஆற்றையும், அதன் நடுவே நூலிழை போல் கிடக்கும் பாதையில் நிற்கும் தம் பெண்களையும் கண்டார்கள். “ஐயையோ, ஏட்டி!” என்று ஒரு குரல் பிளந்தது. உடனே பல குரல்கள். யாரோ பாதையில் இறங்கி ஓடிவர முயன்றார்கள். பாதையில் இருந்த பெண்கள் திடுக்கிட்டு நின்றுவிட்டார்கள். ஒருத்தி திரும்பினாள். என் மனைவி கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஆளில்லாத மண்டபத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

பதிகத்தின் முதல் பாடல். அக்காவின் குரல். அதை எப்படிச் சொல்வேன்! கரகரத்து, பிசிறு தட்டி, எங்கள் சுருதிக்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் இடையில் எங்கோ ஒரு கல்லில் காலூன்றி நின்ற குரல். அத்தனை ஆண்டுகள் எங்கள் ஒவ்வொருவரின் சுருதியையும் விரல்நுனியில் வைத்திருந்தவருக்கு, தன் தொண்டையில் சுருதி இல்லை.

ஓர் அடிதான் அவர் தனியாகப் பாடினார். இரண்டாம் அடியில் கரையிலிருந்து அண்ணாச்சி சேர்ந்தார். அண்ணாச்சி, யாருக்கும் தன் குரலைத் தாழ்த்தாதவர், அந்தச் சேராத சுருதிக்குத் தம் குரலை இறக்கினார். மூன்றாம் அடியில் கரை முழுதும் அந்தச் சுருதியில் நின்றது. ஓடிவர இறங்கியவர்கள் பின்வாங்கிப் பாடினார்கள். பாதையில் நின்ற பெண்கள் பாடினார்கள், கால்கள் நகர்ந்தன. உட்கார்ந்திருந்த என் மனைவியின் உதடுகள் அசைவதைக் கண்டேன். கையை ஊன்றி எழுந்தாள். தொடையளவு நீரில் அவள் கை என் கைக்கு வந்தபோது, அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் அர்ச்சகர் வந்தார், தோளில் முருகன். அவருக்கும் பின்னால் அக்கா, இடுப்புவரை நனைந்த சேலையோடு, பாடிக்கொண்டே. நான் கை நீட்டினேன். அவர் கையைப் பிடித்ததும் என் இடத்தை விட்டு நானும் நடந்தேன். கரையேறித் திரும்பியபோது மண்டபத்தின் உள்ளே புகுந்த வெள்ளம் பந்திப்பாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வந்துகொண்டிருந்தது. ஒரு பாயிலும் ஒருவரும் இல்லை.

கரைமேல் உள்ள கோயிலில் எல்லோரும் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அழுகையும் சிரிப்பும் ஓய்ந்தபின் அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

“ஏம்மா, இத்தனை வருஷம் அந்தத் தொண்டையை ஏன் ஒளிச்சு வச்சியன்னு இன்னைக்கில்லா தெரியுது!”

“முதல்ல ஓடுன ஆம்பளை பேசப்படாது, அண்ணாச்சி” என்றார் அக்கா. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பது போல்தான் இருந்தது.

பிறகு அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பாத்தியளா தம்பி. நான் பயந்தது நடந்துட்டு. தப்புச் சுருதின்னு தெரிஞ்சும் அத்தனை பேரும் எங்கூட வந்துட்டிய.”

என் மனைவி அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மாடியில் புதுப் பாய்கள் விரித்திருந்தோம். அக்கா கைப்பையைச் சுவரோரம் சாய்த்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி அந்தப் பதிகத்தை எடுத்தார். எடுத்தபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், இடையில் எங்கோ இருக்கும் அந்தச் சுருதி.

“அண்ணாச்சி, சுருதி... சுருதி...” என்று அக்கா பதறிக் கையை ஆட்டினார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாசில்தாரும் திரும்பவில்லை. நூறு பேரும் அதிலேயே நின்றோம். முதல் பாடல் முடிந்தது. எந்தப் பாயும் எழவில்லை. எழச் சொல்லி எந்த விரலும் நீளவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு விரல்கள் காதோரம் அப்படியே இருந்தன. உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் மூடியிருந்தன.